லூத்தரன் கல்லூரி ஒன்றின் இசைத் துறை வரலாற்றை எழுதுவது எப்படி: செயின்ட் ஓலஃப் கல்லூரியை முன்வைத்து ஒரு வழிகாட்டி

கல்லூரி ஆண்டு விழா மலர்களில் வெளிவரும் துறை வரலாறுகள் பெரும்பாலும் துறைத் தலைவர்களின் பெயர்ப் பட்டியலாகவும் அவர்களது புகைப்பட வரிசையாகவும் முடிந்துவிடுகின்றன. வேதியியல் துறைக்கோ வணிகவியல் துறைக்கோ அது ஓரளவு போதுமானதாக இருக்கலாம். இசைத் துறைக்கு, அதிலும் லூத்தரன் திருச்சபை தோற்றுவித்த கல்லூரியின் இசைத் துறைக்கு, அந்த முறை பொருந்தாது. அங்கே துறை என்ற நிர்வாக ஏற்பாடு வருவதற்கு முன்பே பாட்டு இருந்திருக்கும். கல்லூரிக்கு முன்பே ஒரு சபையும் அதன் பாட்டுப் புத்தகமும் இருந்திருக்கும். ஆகவே எழுத வருபவர் சபையில் தொடங்கி, பணம் வந்த வழியைப் பின்தொடர்ந்து, கடைசியாகத்தான் வகுப்பறைக்குள் நுழைய வேண்டும். இந்த முறையை விளக்க, அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் நார்த்ஃபீல்டு என்ற சிற்றூரின் குன்றின் மேல் அமைந்துள்ள செயின்ட் ஓலஃப் கல்லூரியை எடுத்துக்கொள்கிறேன்.

தொடக்க ஆண்டைத் தீர்மானித்தல்

முதலில் வரும் சிக்கல், வரலாற்றை எந்த ஆண்டிலிருந்து தொடங்குவது என்பது. செயின்ட் ஓலஃபைப் பொறுத்தவரை விடையாகக் கூடிய ஆண்டுகள் பல உள்ளன. பெர்ன்ட் யூலியஸ் மூஸ் என்ற போதகரின் முன்முயற்சியால் நார்வேஜியக் குடியேறிகள் அதை ஒரு பள்ளியாக நிறுவியது 1874-இல். அது கல்லூரி என்ற பெயரைப் பெற்றது 1889-இல். பேண்டு வாத்தியக் குழு தோன்றியது 1891-இல். இசைப் பணியை முழுமையாக ஒழுங்குபடுத்துவதற்காக எஃப். மெலியஸ் கிறிஸ்டியன்சன் என்ற இசைஞர் வரவழைக்கப்பட்டது 1903-இல். அவர் இயக்கிய புகழ்பெற்ற பாடகர் குழு அமைந்தது 1912-இல். விழாக் குழுவினர் பொதுவாக இவற்றில் மிகப் பழையதையோ மிகப் புகழ்பெற்றதையோ கேட்பார்கள். இரண்டுக்கும் இணங்கிவிடாமல், எல்லா ஆண்டுகளையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றிலும் உண்மையில் தொடங்கியது எது என்று ஒரு வரியில் குறித்துக்கொள்ளுங்கள். இந்தக் கல்லூரிக்கு எழுதுவதானால் துறையின் தொடக்கம் 1903 என்றே நான் முடிவு செய்வேன். ஆனால் முதல் அத்தியாயத்தை அந்த ஆண்டில் தொடங்க மாட்டேன்.

சபையின் பாட்டை முதலில் கேட்டல்

முதல் அத்தியாயம் சபைக்கு உரியது. நார்வேயிலிருந்து மின்னசோட்டாவுக்கும் விஸ்கான்சினுக்கும் ஐயோவாவுக்கும் வந்து சேர்ந்த விவசாயக் குடும்பங்கள் பல்வேறு லூத்தரன் சினாடுகளாக, அதாவது தனித்தனிச் சபை அமைப்புகளாக, பிரிந்து நின்றன. அவற்றுள் ஹன்ஸ் நீல்சன் ஹௌகேயின் பக்தி இயக்க மரபில் வந்தவர்கள் நடனத்தையும் அதனுடன் இணைந்த பிடில் வாசிப்பையும் ஐயத்துடனேயே பார்த்தார்கள். ஞானப்பாட்டின் மீதோ அவர்களுக்கு அளவற்ற பற்று இருந்தது. ஆர்கன் வாங்க வசதியில்லாத சபைகளில் சால்மோடிகான் என்ற ஒற்றைத் தந்தி வாத்தியத்தை வில்லால் இசைத்து மெட்டைக் கற்றுக்கொடுத்தார்கள். நார்வேயில் லுட்விக் மத்தியாஸ் லிண்டெமன் 1871-இல் வெளியிட்ட மெட்டுத் தொகுப்பு சபைப் பாட்டுக்கு ஒரு பொது வடிவம் தந்தது. வாத்தியத் துணையின்றிப் பல குரல்களில் பாடும் குழு ஒன்று அமெரிக்க நடுமேற்கில் ஏன் அவ்வளவு எளிதாக வேர்விட்டது என்பதற்கான விடையின் பாதி இங்கே கிடைத்துவிடும். ஜெர்மன் மரபிலிருந்து வந்த ஞானப்பாட்டும் மண்ணின் ராகத்தில் அமைந்த கீர்த்தனையும் அருகருகே பாடப்படும் தமிழ் லூத்தரன் சபைகளை அறிந்த வாசகருக்கு, ஒரு பாட்டுப் புத்தகம் ஒரு சமூகத்தின் காதை எப்படிப் பழக்கும் என்பதை விளக்க வேண்டிய தேவையே இராது.

சபையைப் பற்றி எழுதும்போது, பாட்டுப் புத்தகம் அச்சான ஆண்டையும் சினாடுகள் இணைந்த ஆண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நார்வேஜியச் சினாடு, ஹௌகே சினாடு, ஐக்கியச் சபை ஆகிய மூன்றும் கூட்டாக ஓர் ஆங்கிலப் பாட்டுப் புத்தகத்தை 1913-இல் வெளியிட்டன. அதைத் தயாரித்த குழுவில் கிறிஸ்டியன்சனும் இருந்தார். அந்த மூன்று அமைப்புகளும் ஒரே சபையாக இணைந்தது 1917-இல்தான். அமைப்புகள் இணைவதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே அவற்றின் சபையார் ஒரே புத்தகத்திலிருந்து பாடத் தொடங்கிவிட்டார்கள் என்ற செய்தி, இசைத் துறை எந்தச் சூழலில் வளர்ந்தது என்பதைப் பத்துப் பக்க விளக்கத்தைவிடத் தெளிவாகச் சொல்லிவிடும்.

ஆவணங்களைத் தேடும் வரிசை

ஆவணக் காப்பகத்தில் நுழைந்தவுடன் கடிதங்களைக் கேட்டு வாங்கிப் படிக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அதை அடக்கிக்கொண்டு கல்லூரியின் ஆண்டுக் கையேடுகளை முதலில் கேளுங்கள். பாடத் திட்டம், ஆசிரியர் பட்டியல், கட்டண விவரம் ஆகியவை ஆண்டுதோறும் அவற்றில் ஒரே ஒழுங்கில் அச்சாகியிருக்கும். அக்காலத்து அமெரிக்கக் கல்லூரிகளில் பியானோவும் குரலிசையும் தனிப் பாடங்களாகத் தனிக் கட்டணத்துக்கே கற்பிக்கப்பட்டன என்பதால், கட்டணப் பக்கத்தைப் பார்த்தால் துறை எப்போது பிறரை நம்பாமல் தன் காலில் நின்றது என்பதை ஊகிக்கலாம். அதே பக்கங்களில்தான் பியானோ கற்பித்த பெண் ஆசிரியர்களின் பெயர்கள் கிடைக்கும். விழா மலர்களில் அந்தப் பெயர்கள் அநேகமாக வருவதில்லை. ஒவ்வொரு பெயருக்கும் சேர்ந்த ஆண்டு, விலகிய ஆண்டு, கற்பித்த பாடம் என்று ஓர் அட்டவணை தயாரித்துக்கொண்டால், பிறகு எழுதப்போகும் ஒவ்வொரு பத்திக்கும் அது காவலாக இருக்கும்.

கையேடுகளுக்கு அடுத்தபடி ஆட்சிக் குழுவின் கூட்டக் குறிப்புகளையும், கல்லூரியை நடத்திய சபையின் ஆண்டறிக்கைகளையும் பார்க்க வேண்டும். சபையின் பெயர் மாறிக்கொண்டே வந்திருப்பதுதான் இங்கே தேடுபவரைத் தடுமாற வைக்கும். 1917-இல் அமைந்த அமெரிக்க நார்வேஜிய லூத்தரன் சபை 1946-இல் தன் பெயரிலிருந்து 'நார்வேஜிய' என்பதை நீக்கிக்கொண்டது. 1960-இல் வேறு சபைகளுடன் இணைந்து அமெரிக்க லூத்தரன் சபையானது. 1988-இல் இன்றைய அமெரிக்க இவாஞ்சலிக்கல் லூத்தரன் சபைக்குள் அடங்கியது. ஒரே கல்லூரியைப் பற்றிய அறிக்கைகள் நான்கு தலைப்புகளில் அடுக்கப்பட்டிருக்கும் என்பதை மனத்தில் வைத்துத் தேடுங்கள். பாடகர் குழுவின் பெயரும் அப்படியே. தொடக்கத்தில் அது செயின்ட் ஓலஃப் லூத்தரன் பாடகர் குழு. ஊர்ப் பெயர்களிலும் கவனம் தேவை. ஓஸ்லோ என்ற பெயர் 1925-இல்தான் வந்தது, அதற்கு முந்தைய பயணக் குறிப்புகளில் அந்நகரம் கிறிஸ்டியானியா என்றே இருக்கும்.

மூன்றாவதாக மாணவர் இதழ். 1887-இல் தொடங்கிய மானிட்டூ மெசஞ்சர் போன்ற ஓர் இதழ் கிடைப்பது எழுதுபவரின் அதிர்ஷ்டம். நிர்வாகம் பதிவு செய்யாத முணுமுணுப்பு, தேர்வில் தோற்றுக் குழுவில் இடம் கிடைக்காதவர்களின் கேலி, பயிற்சி நேரம் பற்றிய புகார் எல்லாம் மாணவர் இதழ்களில்தான் அச்சேறும். செயின்ட் ஓலஃபுக்கு இன்னொரு வசதியும் உண்டு. 1925-இல் நிறுவப்பட்ட நார்வேஜிய அமெரிக்க வரலாற்றுக் கழகம் அதே வளாகத்தில் இயங்குகிறது. பழைய நார்வேஜியக் கையெழுத்தையும் கோதிக் அச்சையும் படிக்கத் தெரிந்த ஒருவரின் உதவியை முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளாமல் அங்கே போவதில் பயனில்லை.

ஒரு நிகழ்ச்சி நிரலை வாசித்தல்

இசைத் துறைக்கே உரிய ஆவணம் நிகழ்ச்சி நிரல். பலர் அதன் அட்டையைப் படமெடுத்துக்கொண்டு உள்ளே பார்க்காமல் வைத்துவிடுகிறார்கள். கிறிஸ்டியன்சன் காலத்துப் பாடகர் குழுவின் நிரலைக் கையில் எடுத்தால், ஜெர்மன் இசையமைப்பாளர் பாஹின் மோட்டெட் (பல குரல் திருச்சபைப் பாடல்) போன்ற கடினமான படைப்பு முதற்பகுதியில் இருக்கும். கடைசிப் பகுதியில் ஞானப்பாட்டுகளுக்கும் நாட்டுப்புற மெட்டுகளுக்கும் அவர் அமைத்த பல குரல் வடிவங்கள் இருக்கும். இந்த அமைப்பே அவருடைய வாழ்க்கைக் குறிப்பு. 1871-இல் நார்வேயில் பிறந்து, 1888-இல் அமெரிக்காவுக்கு வந்து, 1897 முதல் 1899 வரை ஜெர்மனியின் லைப்சிக் நகரில் பயின்றவர் அவர். பாஹ் 1723 முதல் இறக்கும்வரை பணிபுரிந்த புனித தோமா ஆலயம் அந்நகரில்தான் இருக்கிறது. லைப்சிக்கில் கேட்டதை முன்னே வைத்து, குடியானவர்களின் சபைப் பாட்டைப் பின்னே வைத்து, இரண்டையும் ஒரே மாலையில் பாடவைத்தார்.

நிரலை வாசிக்கும்போது மொழியையும் ஆண்டுவாரியாகக் குறித்துவர வேண்டும். முதல் உலகப் போரின்போது அமெரிக்க நடுமேற்கில் அயல்மொழிகள் மீது கடுமையான சந்தேகம் எழுந்தது. பக்கத்து ஐயோவாவின் ஆளுநர் 1918-இல் பொது இடங்களில் ஆங்கிலமல்லாத மொழிகளைப் பேசுவதையே தடை செய்து ஆணையிட்டார். நார்வேஜியப் பாடல் ஒன்று எந்த ஆண்டில் ஆங்கிலத்துக்கு மாறியது, எந்த ஆண்டில் நிரலிலிருந்தே மறைந்தது, பிறகு எப்போது பழம்பெருமையின் அடையாளமாகத் திரும்பி வந்தது என்பவை, தொடர்ச்சியாக நிரல்களை அடுக்கிப் பார்ப்பவருக்கு மட்டுமே தெரியும்.

இசைத்தாளையும் அவ்வாறே அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். கிறிஸ்டியன்சனின் குரலமைப்புகளை மினியாபொலிஸ் நகரின் ஆக்ஸ்பர்க் பதிப்பகம் சிறு சிறு மடிப்புத் தாள்களாக வெளியிட்டது. முதற்பக்கத்தின் அடியில் பதிப்புரிமை ஆண்டும், மேல் மூலையில் அமைப்பாளரின் பெயரும், தொடர் எண்ணும் இருக்கும். 'பியூட்டிஃபுல் சேவியர்' என்ற அவரது அமைப்பின் உரிமை ஆண்டு 1919. மெட்டு அவருடையதன்று; 1842-இல் அச்சேறிய சிலேசிய நாட்டுப்புற மெட்டு. சொற்கள் ஏதுமின்றி வாய்மூடிய முனகலாகத் தொடங்கி, பெண்களின் தாழ்குரலுக்கு மெட்டைக் கொடுத்து, கடைசிச் சரணத்தில் எட்டுக் குரல்களாக விரிவதுதான் அவர் செய்தது. பயன்படுத்தப்பட்ட பிரதி கிடைத்தால் இன்னும் நல்லது. மூச்சு விடும் இடங்களைப் பென்சிலால் குறித்திருப்பார்கள். அந்தக் குறிகளை ஒப்பிட்டால், வெவ்வேறு இயக்குநர்கள் ஒரே பாடலை எப்படி வேறுவிதமாகப் பாடவைத்தார்கள் என்பது கண்ணுக்கே தெரியும்.

பணத்தையும் பயணத்தையும் பின்தொடர்தல்

லூத்தரன் கல்லூரிகளின் இசை வரலாற்றில் பயணக் கணக்குப் புத்தகத்துக்கு நிகரான ஆவணம் வேறில்லை என்பது என் கருத்து. நார்த்ஃபீல்டின் புனித யோவான் லூத்தரன் சபையின் பாடகர் குழுவில் பெரும்பாலோர் கல்லூரி மாணவர்களாக இருந்தார்கள். அக்குழு 1912-இல் விஸ்கான்சினுக்கும் இல்லினாய்க்கும் பயணம் செய்தபோதுதான் கல்லூரியின் பாடகர் குழு என்ற அடையாளம் உருவாயிற்று. இத்தகைய பயணங்களில் லூத்தரன் சபைகளே அரங்கம். சபையாரின் வீடுகளே தங்குமிடம். கல்லூரிக்குப் புதிய மாணவர்களைச் சேர்ப்பதும் நன்கொடை திரட்டுவதும் அதே மூச்சில் நடந்தன. 1920-இல் நியூயார்க்கின் தொழில்முறை ஏற்பாட்டாளர் மார்ட்டின் ஹான்சன் பொறுப்பேற்றபின் குழு கிழக்குக் கடற்கரைக்குப் போயிற்று. நியூயார்க்கின் புகழ்பெற்ற கார்னகி அரங்கில் பாடியது. அந்தப் பயணத்தோடு கேட்பவர் மாறினர். சபையார் அமர்ந்திருந்த இடத்தில் நுழைவுச் சீட்டு வாங்கி வந்தவர்களும் பத்திரிகை விமர்சகர்களும் அமர்ந்தார்கள். 1926-இல் எழுந்த இசைக் கட்டடத்தின் செலவில் பயண வருமானத்துக்கும் பங்குண்டு.

கணக்குப் புத்தகம் இன்னொருவரையும் வெளிச்சத்துக்குக் கொண்டுவரும். பால் ஜி. ஷ்மிட் கணிதப் பேராசிரியர். குழுவில் கீழ்க்குரல் பாடியவர். பல பத்தாண்டுகள் அதன் மேலாளர். ரயிலுக்கு முன்பதிவு செய்தவரும் அரங்க வாடகையைப் பேசி முடித்தவரும் அவரே. இயக்குநரின் மேதைமையைப் பற்றி எழுதும் ஒவ்வொரு பக்கத்துக்கும் எதிரே மேலாளரைப் பற்றி அரைப் பக்கமாவது எழுதாவிட்டால், அந்த வரலாறு பாதி பொய் என்றே சொல்வேன்.

'முதல்' என்ற சொல்லைச் சோதித்தல்

எந்தத் துறையின் கோப்புகளிலும் 'அமெரிக்காவிலேயே முதல்' என்ற தொடர் திரும்பத் திரும்ப வரும். அதைக் கண்டவுடன் போட்டியாளரைத் தேடுங்கள். வாத்தியத் துணையின்றிப் பாடும் கல்லூரிக் குழுவின் பிறப்பிடம் செயின்ட் ஓலஃப் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். இல்லினாயின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் பீட்டர் லட்கின் அத்தகைய குழுவை 1906-இலேயே அமைத்துவிட்டார். ஆகவே கிறிஸ்டியன்சனின் இடம் காலத்தால் முந்தியது என்று எழுதுவது தவறு; பரப்பால் பெரியது என்று எழுதினால் சரி. 1935 முதல் அவர் நடத்திய கோடைக்காலப் பயிற்சிப் பள்ளிக்கு நாடெங்குமிருந்து குழு இயக்குநர்கள் வந்து அவருடைய முறையைக் கற்றுச் சென்றார்கள். அவருடைய மகன் பால் கிறிஸ்டியன்சன் மூர்ஹெட் நகரின் கன்கார்டியா கல்லூரியில் 1937 முதல் 1986 வரை அதே மரபை வளர்த்தார். செல்வாக்கை இவ்வாறு பெயரும் ஆண்டும் இட்டுக் காட்டினால் 'முதல்' என்ற பட்டம் தேவைப்படாது.

சில உரிமைகோரல்கள் நிற்கவும் கூடும். கல்லூரியின் பேண்டு வாத்தியக் குழு 1906-இல் நார்வேக்குச் சென்றது. வெளிநாட்டுப் பயணம் மேற்கொண்ட முதல் அமெரிக்கக் கல்லூரி இசைக்குழு என்று கல்லூரி அதைப் பெருமையுடன் சொல்கிறது. மறுக்கும் சான்று கிடைக்காதவரை 'கல்லூரி கூறுகிறது' என்ற சொற்களோடு அதை எழுதிவிட்டு, அந்த ஆண்டில் ஏன் போனார்கள் என்பதில் கவனம் செலுத்துங்கள். நார்வே ஸ்வீடனிடமிருந்து பிரிந்தது 1905-இல்; அரசர் ஏழாம் ஹோகோன் முடிசூடியது 1906 ஜூன் மாதத்தில். புதிதாகத் தனித்து நின்ற தாய்நாட்டைப் பார்க்கக் குடியேறிகளின் பிள்ளைகள் கொம்புகளோடும் முரசுகளோடும் கப்பலேறினார்கள் என்பது எந்தப் பட்டத்தையும்விடச் சுவையான செய்தி.

ஒரே மனிதரின் நிழலைத் தாண்டுதல்

பாடகர் குழுவின் பொறுப்பு 1941-இல் மகன் ஓலஃப் கிறிஸ்டியன்சனுக்கும், 1968-இல் கென்னத் ஜென்னிங்ஸுக்கும், 1990-இல் ஆன்டன் ஆம்ஸ்ட்ராங்குக்கும் சென்றது. ஒரு நூற்றாண்டைக் கடந்த குழுவை மிகச் சிலரே இயக்கியிருப்பதால், அத்தியாயத்துக்கு ஓர் இயக்குநர் என்று பிரித்துவிடும் சோம்பல் எளிதில் வரும். அதிர்வற்ற நேர்க்குரலைக் கிறிஸ்டியன்சன் விரும்பினார். ஜென்னிங்ஸ் காலத்தில் அந்தக் கண்டிப்பு தளர்ந்து வாத்தியங்களோடு பாடுவதும் கூடியது. ஆம்ஸ்ட்ராங் ஆப்பிரிக்க அமெரிக்க ஆன்மிகப் பாடல்களுக்கும் பல நாட்டு இசைக்கும் இடம் விரித்தார். இவற்றை மனிதர்வாரியாகச் சொல்லாமல், குரலின் தன்மை, பாடல் தேர்வு, வாத்தியப் பயன்பாடு என்று பொருள்வாரியாகச் சொன்னால் தொடர்ச்சியும் உடைவும் ஒருங்கே புலப்படும். தனிக்குரல் பயிற்சி தரும் ஆசிரியருக்கும், தனிக்குரல் தெரியவே கூடாது என்று எண்ணும் குழு இயக்குநருக்கும் இடையே இத்தகைய துறைகளில் எழும் இழுபறியையும் மறைக்க வேண்டியதில்லை. உயர்குரல் பாடகி கெர்ட்ரூட் போ ஓவர்பியின் பெயரையும், கிறிஸ்டியன்சனோடு சேர்ந்து உழைத்த ஆஸ்கர் ஓவர்பியின் பெயரையும் அடிக்குறிப்புக்குத் தள்ளிவிடாதீர்கள். பேண்டு குழு பாடகர் குழுவைவிட இருபத்தொரு ஆண்டுகள் மூத்தது என்பதையும் பக்க ஒதுக்கீட்டில் நினைவில் வையுங்கள்.

நேர்காணலும் ஒலிப்பதிவும்

முன்னாள் மாணவர்களிடம் 'அனுபவம் எப்படி இருந்தது' என்று கேட்டால் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். செயலைப் பற்றிக் கேளுங்கள். பாடத் தொடங்குமுன் சுருதி யாரிடமிருந்து வந்தது? வரிசையில் உங்களுக்கு இடப்பக்கம் நின்றவர் எந்தக் குரல்? பாடல்களை மனப்பாடம் செய்ய எவ்வளவு காலம் கொடுத்தார்கள்? நிகழ்ச்சி முடிந்து எந்த வீட்டில் தங்கினீர்கள், காலையில் அவர்கள் என்ன சமைத்தார்கள்? 1912-இல் தொடங்கிய கிறிஸ்துமஸ் இசைவிழாவைப் பற்றிக் கேட்பதானால், எந்த அரங்கில், எந்த வரிசையில் நின்றீர்கள் என்பதிலிருந்து கேளுங்கள். கல்லூரியின் போ நினைவு ஆலயம் 1953-இல் கட்டப்படுவதற்கு முன்பு பாடியவர்களுக்கும் பின்பு பாடியவர்களுக்கும் நினைவில் இருக்கும் எதிரொலியே வேறு.

கல்லூரியே நடத்திய வானொலி நிலையம் 1922-இல் உரிமம் பெற்று, 2004-இல் மின்னசோட்டா பொது வானொலிக்கு விற்கப்பட்டது. இத்தகைய கைமாற்றங்களின்போது ஒலிநாடாக்கள் எங்கே போயின என்பதை முதலிலேயே விசாரித்துவிடுங்கள். பதிப்புரிமைச் சட்டமும் ஒலிப்பதிவுக்கும் இசைத்தாளுக்கும் வேறுவேறு. அமெரிக்காவில் 1919-இல் அச்சான இசைத்தாளை இன்று தடையின்றி மறுபதிப்பிடலாம். பிற்கால ஒலிப்பதிவுக்கு அந்தச் சுதந்திரம் இல்லை.

எழுதி முடித்தபின், பயணங்களையும் ஊர்களையும் ஆண்டுவாரியாகத் தரும் ஒரு பின்னிணைப்பைச் சேருங்கள். பெரும்பாலான வாசகர்கள் முதலில் புரட்டுவது அதைத்தான். பதிவு செய்த நேர்காணல்களை, பேசியவர்களின் எழுத்துப்பூர்வ ஒப்புதலோடு, கல்லூரியின் ஆவணக் காப்பகத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் பிரதியைத் துறைக்கு வெளியே உள்ள ஒருவரிடம், இயன்றால் கணக்குப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றியவரிடம், அச்சுக்கு முன் படிக்கக் கொடுங்கள்.